நீதிபதியிடம் போய்ச் சொல்

2002-ல் ஹாங்காங்கில் வெளியான ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ படத்தில் ஒரு மொட்டைமாடிக் காட்சி. யான் போலீஸ்காரன், ஏறக்குறைய பத்து வருடமாக ரவுடிக் கும்பலுக்குள் ரவுடியாகவே வாழ்ந்துவருபவன். லாவ் கும்பல்காரன், தலைவன் ஹான் சாம் இளவயதிலேயே அவனைப் போலீஸ் பயிற்சிக்கு அனுப்பிவிட்டான், இன்று அவன் அதிகாரி. இப்போது யானின் கையில் துப்பாக்கி. அன்றைக்கு எனக்கு வேறு வழியில்லை, இனி நல்லவனாக வாழ ஆசைப்படுகிறேன், ஒரு வாய்ப்புக் கொடு என்று லாவ் கேட்கிறான். அதை நீதிபதியிடம் போய்ச் சொல், அவர் உன்னை நல்லவனாக விடுகிறாரா பார்ப்போம் என்கிறான் யான். அப்படியென்றால் என்னைச் சாகச் சொல்கிறாய். மன்னித்துக்கொள், நான் போலீஸ். அது யாருக்குத் தெரியும் என்று லாவ் திருப்பிக் கேட்கிறான்.

கீழ்கோர்ட்டில் குற்ற வழக்குகள் நடத்திப் பிழைப்பவன் நான். அந்தக் கேள்வி என்னை இத்தனை வருடமாக விடவில்லை.

யான் போலீஸ் என்பது மேலதிகாரி வோங் ஒருவருக்குத்தான் தெரியும். கும்பல் அவரைக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறது. யானின் கண்ணெதிரே ஒரு டாக்ஸியின் மேல் வந்து விழுகிறார். மிச்சமிருந்தது கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. அதை லாவ் அழித்துவிட்டான். முன்பொரு தடவை, மனநல மருத்துவரின் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு யான் தானாகவே உண்மையைச் சொல்லிப் பார்க்கிறான். நானும் போலீஸ்தான் என்று அந்தப் பெண் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறாள். யானாக நடிக்கும் டோனி லியுங்கின் முகத்தில் அப்போது வரும் சிரிப்பைப் பார்த்தால் போதும், அவன் என்ன நிலையில் இருக்கிறான் என்று புரியும்.

இயக்குநர்கள் ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் படத்தைப் பௌத்த வாசகங்களோடு தொடங்கி, பௌத்த வாசகத்தோடு முடிக்கிறார்கள். சீனத் தலைப்பே அவீசி நரகத்தைச் சுட்டுவது. பௌத்தம் சொல்லும் நரகங்களில் ஆகக் கொடியது அது. அங்கே வேதனைக்கு நடுவில் மூச்சுவிட ஒரு கணம்கூடக் கிடைக்காது. தாயைக் கொன்றவன், தந்தையைக் கொன்றவன், அரஹந்தைக் கொன்றவன், புத்தரின் உடலில் ரத்தம் வரச் செய்தவன், சங்கத்தைப் பிளந்தவன் ஆகியோர் போய்ச் சேரும் இடம். இந்த இருவரில் யாருக்கு அந்த நரகம்?

இருவருக்கும்தான் என்று படம் பார்த்த பலரும் சொல்வார்கள். எனக்கு அது ஏற்பில்லை. யானுக்கு இருப்பது துன்பம். கும்பலுக்காக அவன் அடித்திருக்கிறான், போதைமருந்துப் பேரத்தில் கூட நின்றிருக்கிறான். எண்ணமே வினை என்பது புத்தரின் போதனை. அந்தத் தராசில் அவன் பக்கம் நியாயம் உண்டு. (அடிபட்டவனுக்கு அந்த எண்ணத்தால் வலி குறையாது என்பதையும் நான் மறக்கவில்லை.) ஆனால் தன்னை அறிந்த ஒருவர் கிடைக்கமாட்டாரா என்றுதான் அவன் கடைசிவரை ஏங்குகிறான்.

லாவ் ஓடுவது நேர் எதிர்த்திசையில். நல்லவனாக வேண்டும் என்ற அவன் ஆசை பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டி லாவ் அதை அவ்வளவு உண்மையாக நடித்திருக்கிறார். ஆனால் அந்த ஆசைக்காக அவன் செய்வதைப் பாருங்கள். தன்னை வளர்த்த ஹான் சாமைச் சுட்டுக் கொல்கிறான். யானின் கோப்பை அழிக்கிறான். லிஃப்டில் யானைச் சுட்ட இன்னொரு போலீஸ்காரன், நானும் ஹான் சாமின் ஆள்தான் என்று சொன்னதும் அவனையும் சுடுகிறான். தன்னை அறிந்தவர்களை ஒவ்வொருவராக ஒழித்தால் கடைசியில் மிஞ்சுவது நல்லவன் என்பது அவன் கணக்கு.

அங்குலிமாலன் கதை இங்கே எனக்கு முக்கியம். விரல்களை மாலையாக அணிந்த கொலைகாரன், புத்தரிடம் வந்து துறவியாகிறான். அவனைத் தேடிக் குதிரைப்படையோடு கோசல மன்னன் பசேனதி வருகிறான். புத்தர் அவனை ஒளித்துவைத்திருக்கலாம். கை நீட்டி, இதோ அங்குலிமாலன் என்று காட்டுகிறார். மன்னன் தண்டிக்காமல் வணங்கிவிட்டுப் போகிறான். ஊர் அப்படி விடவில்லை. பிச்சைக்குப் போனவன் கல்லடி பட்டு, மண்டை உடைந்து, கிழிந்த சீவரத்தோடு திரும்புகிறான். பொறுத்துக்கொள், நரகத்தில் நெடுங்காலம் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய் என்கிறார் புத்தர். அவன் விடுதலை அடைந்தது யாரென்று எல்லோருக்கும் தெரிந்த முகத்தோடு. லாவுக்கு யாரும் கல் எறியவில்லை. யான் போலீஸ் என்பது பிறகு வெளியே தெரிந்து, மரியாதையோடு அடக்கம் நடக்கிறது. லாவ் சீருடையில் நின்று சல்யூட் அடிக்கிறான். அவீசி என்று நான் நினைப்பது அந்த சல்யூட்டுக்குப் பிறகு வரும் ஒவ்வொரு நாளையும்.

என் கட்சிக்காரர் ஒருவர், வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவர். ஜாமீனில் இருந்துகொண்டு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு வந்துபோனார். சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், விடுதலைதான் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். தீர்ப்பு நாளன்று மஞ்சப்பையோடு வந்தார். உள்ளே ஒரு லுங்கி, துண்டு, சோப்பு, பல்பொடி. விடுதலை என்று நீதிபதி படித்ததும் மகன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவர் மகனை விலக்கிவிட்டு, “அவ்வளவுதானாய்யா?” என்று என்னிடம் கேட்டார். வாசலுக்குப் போகும்வரை அந்தப் பையை அவர் கையை விட்டு இறக்கவில்லை.

குற்றம் செய்தவன் தப்பக்கூடாது என்று சீனப் பெருநிலத்துக்காகப் படத்துக்கு வேறொரு முடிவைப் படமாக்கினார்கள். அதில் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் லாவ் பிடிபடுகிறான். 2006-ல் ஸ்கார்செஸி இதே கதையைப் பாஸ்டனுக்குக் கொண்டுபோய் ‘தி டிபார்ட்டட்’ என்று எடுத்தபோது அந்தப் பாத்திரத்தை அவன் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்ல வைத்தார். பார்ப்பவர்களுக்கு இரண்டுமே நிம்மதி. லாவுக்கும் அது நிம்மதியாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மூலப் படத்தை எடுத்தவர்களும் அதை உணர்ந்திருக்க வேண்டும். 2003-ல் வந்த மூன்றாம் பாகத்தில் லாவுக்குப் புத்தி பேதலிக்கிறது. தன்னையே யான் என்று நம்பத் தொடங்குகிறான். சக அதிகாரி ஒருவரைத்தான் ஹான் சாமின் ஒற்றன் என்று முடிவுகட்டி, கைதுசெய்யப் போகிறான். சாட்சியாக எல்லோர் முன்னாலும் ஓர் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டுகிறான். அதில் ஹான் சாமோடு பேசிக்கொண்டிருப்பது லாவின் குரல்.