பொறுத்தலும் உரைத்தலும்

நோயுற்றோருக்குப் பொறுமையைப் போதித்தல் நோயில்லாதோருக்கு மிக எளிய காரியம். அப்போதனை நோயாளியின் வலியைக் குறைக்கின்றதா, அல்லது அவ்வலியைக் கேட்கும் பாரத்தினின்று எம் செவிகளை மட்டும் விடுவிக்கின்றதா என்னும் வினாவை யாம் நெடுங்காலம் எழுப்பிப் பார்த்ததில்லை. பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சையை எதிர்பார்த்து எம் தமக்கையார் அமரவிளையில் காத்திருந்த வாரங்களே எம்மை அவ்வாறு வினவச் செய்தன. அதில் எமது குற்றமும் ஒன்று கலந்திருத்தலின், அதனை மறையாது எழுதுகின்றோம்.

அமரவிளை நெய்யாற்றின் கரையிலுள்ள ஊர். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, களியக்காவிளை எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது. இரவிலும் லாரிகள் ஓயாத இடம். 1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆதலின் இப்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அடுக்களையில் ஒரு மொழியும் ஆஸ்பத்திரியில் ஒரு மொழியுமாக வாழப் பழகியவை. எம் தமக்கையாரும் வீட்டில் 'நோவு' என்பார். டாக்டரிடம் 'வேதன' என்பார். 'வேதனா' என்னும் பாலிச் சொல் இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது ஆகிய மூவகை நுகர்ச்சிக்கும் பொதுவானது. தமிழிலும் மலையாளத்திலும் அது துன்பத்தை மட்டுமே சுமந்து நிற்கின்றது. இன்பத்தைச் சொல்ல நமக்கு வேறு சொற்கள் பல இருந்தன போலும்.

ஒரு கல்யாண விருந்துண்ட இரவில் அவருக்கு முதல் வலி வந்தது. வலப்பக்க விலாவின் கீழே தொடங்கி, முதுகில் தோட்பட்டை எலும்பு வரை ஏறி, மூன்று மணி நேரம் நின்று, வந்தவாறே தணிந்தது. வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துக்கொண்டார். நான்காம் முறை வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தனர். பித்தப்பையில் கற்கள் பல இருந்தன. பையையே எடுத்துவிட வேண்டும் என்று கூறிய டாக்டர், ஏழு வாரம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார்.

பித்தப்பை கல்லீரலின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு பை. முப்பது முதல் ஐம்பது மில்லிலிட்டர் வரையே கொள்ளும். கல்லீரல் நாளொன்றுக்குச் சுரக்கும் அரை முதல் ஒரு லிட்டர் வரையான பித்தநீரில் ஒரு பகுதியை வாங்கி, நீரை வற்றச் செய்து, செறிவாக்கி வைத்திருக்கும். கொழுப்புள்ள உணவு குடலை அடைந்தவுடன் சுருங்கி, அதனை வெளியே தள்ளும். அவ்வேளையில் ஒரு கல் வாயிலை அடைத்துக்கொண்டால், பை மூடிய கதவின்மீது மோதுவதுபோல் சுருங்கிச் சுருங்கி இறுகும். அதுவே அந்த வலி. கல்லுள்ளோரில் பெரும்பாலோர்க்கு வாழ்நாள் முழுவதும் ஒரு வலியும் வருவதில்லை. வரத் தொடங்கியவர்க்கோ மீண்டும் வரக்கூடியது.

தேங்காய் அரைக்காத குழம்பும் தேங்காயெண்ணெய் படாத பொரியலும் அவ்வூர் அடுக்களைக்கு அந்நியமானவை. தமக்கையார் அவற்றையும் விட்டார். கஞ்சியும் சிறுபயறும், வேகவைத்த மரச்சீனியும், ஆவியில் வெந்த மீனும் சிறுசிறு அளவாக உண்டார். அறவே பட்டினி கிடத்தலும் தவறு என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பை நெடுநேரம் சுருங்காதிருப்பதும் உடல் விரைவாக மெலிவதும் புதுக் கற்களுக்கு இடந்தரும். எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் ஒருங்கே குடித்தால் கல் கரைந்து விழும் என்று ஒரு நண்பர் வற்புறுத்தினார். விழுவன கற்களல்ல, எண்ணெய் குடலில் சவர்க்காரமாய்த் திரண்ட உருண்டைகளே. அத்துணை எண்ணெயால் வலி எழுதலும் கூடும். இதனை மட்டும் யாம் தடுத்தோம். அவ்வாரங்களில் யாம் செய்த உருப்படியான உதவி அதுவொன்றே என்று இப்போது தோன்றுகின்றது.

எமது குற்றத்தைக் கூறுவோம். இரவுகளில் வலி எழும்போது தமக்கையார் வாய்விட்டு அரற்றுவார். வலி இல்லாத பொழுதும் அடுத்த வலியை எண்ணி அஞ்சுவார். அறுவை நாள் தள்ளிப் போகுமோ, அதற்குமுன் ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்று ஒரே வினாவை நாள்தோறும் கேட்பார். யாம் சம்யுத்த நிகாயத்திலுள்ள இரண்டு அம்புகளின் உவமையை அவருக்கு எடுத்துரைத்தோம். உடலில் தைத்த அம்பு ஒன்று. அதனை எண்ணி மனம் தானே தனக்குத் தைத்துக்கொள்ளும் அம்பு மற்றொன்று. முன்னது எல்லார்க்கும் உண்டு, பின்னதை அறிவுடையோர் தவிர்க்கலாம் என்று பகவான் அருளியதை விளக்கினோம். அண்டை வீட்டார் முற்பிறப்பின் வினை என்று கூறிச் சென்றதைக் காட்டிலும் எமது உபதேசம் மேலானது என்று உள்ளூர மகிழவும் செய்தோம்.

தமக்கையார் அதனை யாம் கருதியதைவிட ஆழமாக ஏற்றுக்கொண்டார். அரற்றல் நின்றது. கேட்டால், 'ஒண்ணுமில்லை தம்பி' என்பார். வீடு அமைதியாயிற்று. யாமும் நன்றாக உறங்கினோம்.

ஐந்தாம் வாரத்தில் ஒரு காலை, வாசலில் கூடையை இறக்கிய மீன்காரப் பெண் தமக்கையாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்து, 'கண்ணு மஞ்சளா இருக்கே அக்கா' என்றாள். ஒரே கூரையின் கீழ் இருந்த யாம் காணாததை, நடைவாசலில் நின்றவள் கண்டாள். மூன்று நாட்களாக அவருக்குக் குளிரும் காய்ச்சலும் இருந்ததும், வலி முன்போல் இறங்காமல் விடிய விடிய நின்றதும், சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போனதும் அதன் பின்னரே வெளிவந்தன. கல்லொன்று பையை விட்டு நழுவிப் பொதுப் பித்தக்குழாயை அடைத்து, அங்கே கிருமி பற்றியிருந்தது. இன்னும் ஓரிரு நாள் தாமதித்திருந்தால் உயிர்க்கு இறுதியாக முடிந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் கூறினர். ஏன் சொல்லவில்லை என்று யாம் சினந்து கேட்டபோது, தமக்கையார் கோபமின்றியே விடையிறுத்தார்: 'பொறுத்துக்கிடச் சொன்னது நீதானே, தம்பி.'

அவ்விடையை விலக்க எம்மிடம் சொல் இல்லை. அன்றிரவு ஆஸ்பத்திரித் திண்ணையில் அமர்ந்து, யாம் எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டாம் அம்பைத் தவிர்க்கச் சொன்ன அவ்வுவமை, முதல் அம்பை மறைத்து வைக்கச் சொல்லவில்லை. மச்சிம நிகாயத்தில் வேறோர் அம்பும் உண்டு. நஞ்சு தோய்ந்த அம்பு பட்ட ஒருவன், எய்தவன் யார், எக்குலத்தான், வில் எவ்வகையது என்றெல்லாம் அறிந்தாலன்றி அம்பை எடுக்க விடேன் என்பானாயின், அறியுமுன்பே இறந்துபடுவான் என்று மாலுங்கியபுத்திரருக்கு அங்கே கூறப்படுகின்றது. அவ்வம்பை எடுக்க உறவினர் அழைத்து வருபவர் 'சல்லகத்தர்'. ரண வைத்தியருக்குப் பாலியில் அதுவே பெயர். அம்பை அகற்றுவோர் என்பது பொருள். யாம் ஓர் அம்பின் கதையைக் கூறி, அம்பெடுப்பவரிடம் செல்ல வேண்டிய செய்தியைத் தடுத்துவிட்டோம்.

வினைப்பயன் என்று கூறிச் சென்ற அண்டை வீட்டாருக்கும் விடை உண்டு. மனிதர் நுகரும் யாவும் முன்வினையால் வருவனவே என்போர் கூற்றுச் சரிதானா என்று மொலிய சீவகர் என்னும் பரிவிராசகர் பகவானை வினவினார். சில வேதனைகள் பித்தத்தால் எழுவன, சில கபத்தால், சில வாதத்தால், சில பருவ மாற்றத்தால் எனத் தொடங்கி எட்டுக் காரணங்களை எண்ணி, யாவும் வினையே என்போர் உலகறிந்த உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்று அவர் மறுத்தார். எட்டனுள் பித்தம் முதலாவது, வினை எட்டாவது. அக்காலத்தார் கூறிய பித்தமும் இக்கால டாக்டர் ஸ்கேனில் காட்டும் கல்லும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் நோயைக் கண்டவுடன் நோயாளியின் ஒழுக்கத்தை ஆராயப் புகும் வழக்கம் அன்றே கண்டிக்கப்பட்டது என்பது எமக்கு ஆறுதல்.

இவையெல்லாவற்றினும் எம்மைத் தலைகுனியச் செய்தது விநய பிடகத்தின் மகாவக்கத்திலுள்ள ஒரு பகுதி. வயிற்று நோயால் தன் மலசலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவைப் பகவானும் ஆனந்தரும் கண்டனர். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவரும் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். ஏனைய பிக்குகள் ஏன் பேணவில்லை எனின், அவரால் அவர்களுக்கு ஓர் உபயோகமும் இல்லையாம்! அதனைத் தொடர்ந்து, பேணுதற்கு எளிய நோயாளியின் இயல்புகள் ஐந்து கூறப்படுகின்றன. தனக்கு ஏற்றதைச் செய்வான், ஏற்றதிலும் அளவறிவான், மருந்தை உட்கொள்வான், நோய் ஏறினால் ஏறுகின்றது என்றும், தணிந்தால் தணிகின்றது என்றும், நின்றால் நிற்கின்றது என்றும் தன்னைப் பேணுவோனுக்கு உள்ளபடி உரைப்பான், கடும் வலியையும் பொறுப்பான். பொறுத்தல் ஐந்தாவதாக நிற்கின்றது. உரைத்தல் அதற்கு முன்னே நிற்கின்றது. யாம் முந்தைய நான்கையும் விட்டுக் கடைசியை மட்டும் தமக்கையாருக்குக் கற்பித்தோம்.

பொறுத்தல் வேண்டாமோ எனின், வேண்டும். அடுத்த வலியை எண்ணி இன்றைய பகலையும் இழத்தல் வீணே. அவ்வச்சத்தைக் குறைக்க மனப்பயிற்சி உதவும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த வலிமாத்திரையை, வலி உச்சிக்கு ஏறும்வரை காத்திராமல் தொடக்கத்திலேயே விழுங்குவது கோழைத்தனம் என்று யாரும் கருதற்க. ஐந்தாறு மணி நேரம் கடந்தும் இறங்காத வலி, குளிருடன் கூடிய காய்ச்சல், கண்ணில் மஞ்சள், நில்லாத வாந்தி, பட்டை கட்டியதுபோல் முதுகு வரை சுற்றும் வலி ஆகியவை தோன்றினால், குறித்த நாளை எதிர்பாராது அக்கணமே புறப்பட வேண்டும். மேல்வயிற்று வலி மாரடைப்பின் குறியாகவும் இருத்தல் கூடுமாதலின், பழகிய வலிதானே என்று எண்ணுதலும் ஆபத்து.

பித்தப்பையை முதன்முதலில் அறுத்தெடுத்தவர் பெர்லின் நகரத்து லாசரஸ் மருத்துவமனையின் கார்ல் லாங்கன்புக். அது 1882-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் நிகழ்ந்தது. நாற்பது வயது கடந்த அந்நோயாளி பதினாறு ஆண்டுகள் இவ்வலியைச் சுமந்து, உடல் மெலிந்து, மார்பியாவுக்கு அடிமையாகியிருந்தார். மறுநாள் காய்ச்சலின்றிச் சுருட்டுப் புகைத்துக் கொண்டிருந்தார் என்பர். சிறு துளைகளின் வழியே இதனைச் செய்யும் முறை 1985-இல் ஜெர்மனியில் தொடங்கி, 1990-இல் பம்பாய்க்கு வந்தது. ஆகவே இக்காலத்து நோயாளி மருந்தில்லாத காலத்தின் சகிப்புத்தன்மையைப் பூண வேண்டிய அவசியம் இல்லை. அவர் வேண்டுவது, காத்திருக்கும் இடைக்காலத்தில் தம் சொல்லைக் கேட்கும் ஒருவரே.

கேட்பவர் ஒருவர் அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமரவிளைக்கு அண்மையிலேயே சான்று உண்டு. எல்லைக்கு அப்பால், கல்குளத்தைச் சார்ந்த நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மிஷன் ஆஸ்பத்திரி இருக்கின்றது. 1922-இல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த ஹோவர்டு சோமர்வெல் என்னும் ஆங்கில ரண வைத்தியர், திரும்பும் வழியில் அதனைக் காணச் சென்றார். ஒரே ஒரு ரண வைத்தியர் சமாளிக்க முடியாது திணறுவதையும், காத்திருப்போரின் நீண்ட வரிசையையும் கண்டார். லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தைக் கைவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்தார். வயிற்றுப்புண் அறுவையில் பெரும்புகழ் எய்தினார். அவ்வரிசையில் நின்றோர் ஓசையின்றி வீட்டிலேயே பொறுத்துக் கிடந்திருப்பின் அவர் எதைக் கண்டிருப்பார்?

தமக்கையாருக்கு முதலில் வாய்வழியே நீண்ட குழாயைச் செலுத்திப் பித்தக்குழாயிலிருந்த கல்லை எடுத்தனர். காய்ச்சல் இறங்கிய சில நாட்களில் பையையும் அகற்றினர். கற்களை ஒரு சிறு குப்பியில் இட்டுக் காட்டினர். மிளகைவிடச் சற்றே பெரியவை. இவ்வளவுதானா என்று தமக்கையார் ஏமாற்றத்துடன் பார்த்தார்.

அன்றிரவு நர்ஸ் வந்து வேதன உண்டோ என்று கேட்டாள். தமக்கையார் வழக்கம்போல் 'சாரமில்ல' என்று தொடங்கினார். பின்னர்ப் படுக்கையருகே நின்ற எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு, 'உண்டு' என்றார். தொப்புளருகே தையலிட்ட இடத்தில் என்றும், சாயங்காலத்தைவிட இப்போது ஏறியிருக்கின்றது என்றும், வலத்தோளிலும் கொஞ்சம் உண்டு என்றும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டு மருந்தெடுக்கச் சென்றாள்.