பூர்வீக வீட்டைப் புதுப்பித்தவருக்கே அது சொந்தமா?

பாட்டனார் கட்டிய வீடு பாழடைந்து கிடக்கிறது. வாரிசுகளில் ஒருவர் துணிந்து, தம் கைப்பொருளைப் போட்டு, கூரையை மாற்றி, சுவரைப் பூசி, அதில் குடியும் ஏறுகிறார். ஊரார் மெச்சுகிறார்கள். மெச்சத்தக்க செயல்தான். ஆனால் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்ததும், "எங்கள் வீடு" என்று சொல்லி வந்தவர் "என் வீடு" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார். இது நியாயமா? நம் வணிகர் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி வாய் திறவாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் தந்த படிப்பைத் தவிர வேறு படிப்பு எனக்கில்லை. கடைக்கணக்கு எழுதத் தெரியும். அந்தக் கணக்கைக் கொண்டே பேசுகிறேன்.

புதுப்பித்தவர் பக்கத்து நியாயத்தை முதலில் பார்ப்போம். "நான் கை வைக்காவிட்டால் வீடு மண்ணாகியிருக்கும். அப்போது எவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று பங்கு கேட்க வாயேது?" என்கிறார் அவர். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவர் கூட்டாக நடத்தும் கடையை நினைத்துப் பாருங்கள். வியாபாரம் நொடித்தபோது ஒரு கூட்டாளி மேற்கொண்டு பத்தாயிரம் வெள்ளி போட்டுக் கடையை நிமிர்த்துகிறார். பேரேட்டில் அவர் பெயரில் பத்தாயிரம் வரவு எழுதுவோம். கடை முழுவதையும் அவர் பெயருக்கு எழுதுவோமா? கடையில் ஒப்பாத கணக்கு வீட்டில் மட்டும் எப்படி ஒப்பும்?

மார்க்கம் இதைப் பின்னமிட்டே காட்டியிருக்கிறது. ஒருவர் மனைவியையும் இரண்டு ஆண் மக்களையும் மூன்று பெண் மக்களையும் விட்டு மௌத்தாகிறார். வேறு வாரிசு இல்லை. கடனும் வசிய்யத்தும் தீர்ந்த பின் வீட்டை எட்டுப் பங்காக்கினால், மனைவிக்கு ஒன்று, மகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எட்டும் சரியாகத் தீர்ந்துவிடும். இப்பங்கு வாப்பா கண்மூடியபோதே வாரிசுகளுக்குரிய ஹக்காகிவிட்டது. பிறகு எவர் சுண்ணாம்பு அடித்தாலும் எவர் ஓடு மாற்றினாலும் அந்தப் பின்னம் மாறாது.

எங்கள் குடும்பக் கணக்கும் இதே எட்டுத்தான். பினாங்கிலுள்ள எங்கள் பழைய வீட்டில் உம்மாவோடு நான்தான் குடியிருக்கிறேன். பழுது பார்க்கும் வேலையும் என் பொறுப்பிலே நடக்கிறது. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மூத்த ராத்தா, "எனக்கெதற்குத் தம்பி கணக்கு? நீயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார். அவர் மனசு பெரிது. ஆயினும் தம்பி பரிமாறிய சோற்றின் முன்னே உட்கார்ந்து ஒரு பெண் சொல்லும் சொல் பங்கை விட்டுக்கொடுத்ததாகுமா? அவருக்கும் பிள்ளைகள் உண்டு. நாளை அவர்கள் கேட்கமாட்டார்களா? ராத்தாவின் எட்டில் ஒன்றை அவர் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். கொடுப்பதானால், தம் வீட்டிலிருந்து, தம் மக்கள் அறிய, யோசித்துக் கொடுக்கட்டும். பெண்களின் மௌனத்தைச் சம்மதமென்று வரவு வைப்பது நம்மிடையே பெருகிப்போன வழக்கம். அது நல்ல வழக்கமன்று.

இனி மறுபக்கம். செலவென்றால் ஒதுங்கி நின்று, விலை ஏறியதும் ஓடி வந்து, "எட்டில் இரண்டைக் கொடு" என்று நிற்பவர் செய்வதும் அநியாயமே. இதை நம் நகரிலே பார்த்தோம். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 1966-ம் ஆண்டுச் சட்டப்படி வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. வாடகை சொற்பம், பழுது பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. 1999 முடிவோடு அக்கட்டுப்பாடு நீங்கிற்று. 2008-ல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாயின. விலைகள் ஏறின. கறையான் தின்றபோது கண்ணில் படாத வீடு, விலை ஏறியதும் கண்ணில் படுகிறது! குடியிருந்தவர் சாளரத்தைத் திறந்து காற்று விட்டார். தாழ்வாரத்துக் குப்பையை வாரினார். ஒழுகலை அன்றன்றே அடைத்தார். பூட்டிய வீட்டுக்கு இந்தக் காவல் ஏது? அவர் செலவையும் உழைப்பையும் கணக்கில் எடுக்காமல் பங்கு கேட்பதும் பிறர் ஹக்கைத் தின்பதுதான்.

"பங்கும் வேண்டாம், விற்பனையும் வேண்டாம், வீட்டை அப்படியே கட்டிவைத்துவிட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். லீத் ஸ்திரீட்டில் சியோங் ஃபாட் ஸீ என்னும் சீனச் செல்வர் கட்டிய நீல மாளிகையை அறியாதவர் இல்லை. 1916-ல் மறைந்த அவர், தம் கடைசி மகன் மறையும்வரை மாளிகையை விற்கலாகாதென்று உயில் எழுதி வைத்தார். அந்த மகன் 1989-ல் மறைந்தார். எழுபது ஆண்டுக்கு மேல் விற்க வழியில்லை, பேணவும் ஆளில்லை. அறைகளில் வாடகைக்காரர் நிறைந்து, மாளிகை சிதைந்தது. பின்பு வேறு சிலர் வாங்கிப் பாடுபட்டுப் புதுப்பித்தனர். 2000-ல் யுனெஸ்கோவின் விருதும் கிடைத்தது. காப்பாற்றியது கல்லில் எழுதிய கட்டளையன்று, பொறுப்பேற்ற மனிதரே. நம் ஷரீஅத்தோ வசிய்யத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகவிடவில்லை. மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி ஒரு வாரிசுக்கு வசிய்யத்துச் செய்யவும் விடவில்லை. மௌத்தானவரின் கை உயிரோடிருப்பவரின் கழுத்தில் கிடக்கலாகாது என்பதே இதன் கருத்தென்று நான் விளங்கிக்கொள்கிறேன்.

பழைய சுவர் ஒரு பாடம் சொல்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியே அதை வெளியே விட்டுவிடும். அவசரக்காரர் அதன்மேல் சிமிட்டியைப் பூசுகிறார். ஓராண்டு பளபளக்கும். ஈரம் போக வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியாக உதிரும். பங்கு தீராத வீட்டின் அழகும் இப்படியே. முகப்பு பளபளக்கும், மனத்தாங்கல் உள்ளே ஊறும், உம்மா இருக்கும்வரை தெரியாது, அவர் போன மறுநாள் வெடிக்கும்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுமுன் வாரிசுகளைக் கூப்பிடுங்கள். இருக்கும் நிலையில் வீட்டின் விலை என்னவென்று மதிப்பிடுங்கள். செலவு செய்ய அனைவரின் அனுமதியையும், சகோதரிகள் உட்பட, சாட்சியோடு எழுத்தில் வாங்குங்கள். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். குடியிருப்பவர் மற்றவர் பங்குக்கு வாடகை தருவதா, காவலுக்கும் பராமரிப்புக்கும் ஈடாக அதை விட்டுவிடுவதா என்பதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். நாலு லட்சம் வெள்ளி பெறும் வீட்டில், அனைவரும் இசைந்து, ஒருவர் ஒரு லட்சத்து இருபதாயிரம் போடுகிறார் என்று வையுங்கள். பின்னர் அது ஆறு லட்சத்துக்குப் போனால், அவர் போட்டதை முதலில் அவருக்குத் தந்துவிட்டு, மீதி நாலு லட்சத்து எண்பதினாயிரத்தை எட்டாக்கினால் பங்கொன்றுக்கு அறுபதினாயிரம். இப்படி எழுதிக்கொண்டால் எவருக்கும் நட்டமில்லை. சிக்கலான இடத்தில் உலமாக்களிடமும் வக்கீலிடமும் கேட்டுத் தெளியுங்கள்.

"அண்ணன் தம்பிக்குள் எழுத்தா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பெரியோர் வாக்கு. எழுதுவதால் பாசம் குறையாது. எழுதாததால் அறுந்த உறவுகளை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம். பாட்டனார் வீடு நம் கையில் அமானத்து. அதைப் பேணுபவருக்கு நன்றியும் செய்த செலவும் உரியன. பிறர் பங்கு உரியதன்று. வல்ல அல்லாஹ் நம் வீடுகளைப் பரக்கத்தும் நியாயமும் நிறைந்தவையாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.