பரீட்சையிற் பொய்யுரைத்தல் பொய்யாகுமா?

ஆங்கிலப் புலமையை அளவிடும் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். பரீட்சை 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகின்றது. உயர்கல்வியின் பொருட்டுப் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குச் செல்ல விரும்பும் நம் நாட்டு இளைஞர் பலர் அதற்கெனத் தம்மை ஆயத்தஞ் செய்கின்றனர். வாசித்தலும் கேட்டலும் விடை சரியோ பிழையோ என்ற அளவில் முடிந்துவிடுவன. எழுத்தும் பேச்சும் அவ்வாறல்ல. அவை பரீட்சார்த்தியின் கருத்தைக் கேட்கின்றன, நினைவைக் கேட்கின்றன. ஒழுக்கவியல் சார்ந்த வினாவொன்று இங்கேதான் பிறக்கின்றது.

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம் வரை நீடிப்பது. இடையில் ஓர் அட்டை கொடுக்கப்படும். ஒரு நிமிடம் சிந்தித்து, இரண்டு நிமிடம் வரை பேசவேண்டும். சிறுபராயத்தில் வாழ்ந்த வீட்டை விவரிக்கும்படி அட்டை கேட்கின்றது எனக் கொள்வோம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகியவற்றுக்கே புள்ளி வழங்கப்படும். கூறியது உண்மையா என்பதற்குப் புள்ளியில்லை. ஆதலால், 'நினைவு வராவிடின் புனைந்து கூறுக' என்பது பயிற்றுவோர் சொல்லும் புத்திமதி.

இப்புனைவு பொய்யாகுமா? கொலைஞனிடங்கூடப் பொய்யுரைத்தல் ஆகாதென 1797இல் வாதிட்டவர் கான்ற். அவர்தாமும், கடித முடிவில் 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என எழுதுவதால் எவரும் ஏமாறுவதில்லை என்பதைக் கருத்திற் கொண்டார். (நம் பாடசாலைகளில் அவ்வாறு கடிதம் எழுதிப் பழகியோர் எவரும் ஊழியராகிவிடவில்லை.) பரீட்சகர் வீட்டைப் பார்க்க வந்தவரல்லர், வாக்கியத்தைக் கேட்க வந்தவர்.

மனனஞ் செய்து ஒப்புவித்தலோ முற்றிலும் வேறானது. வீட்டைப் புனைந்துரைப்பவன் தன் ஆங்கிலத்தைப் பற்றிப் பொய்யுரைக்கவில்லை. பிறர் எழுதிய விடையை நெட்டுருப் பண்ணியவன், வீட்டைப் பற்றி உண்மையே கூறினும், தன் ஆங்கிலத்தைப் பற்றிப் பொய்யுரைக்கின்றான். அளவிடப்படுவது எதுவோ அதனைத் திரிப்பதே ஈண்டுப் பொய். இத்தகைய விடைகளை இனங்காணப் பரீட்சகர்கள் பயிற்றப்பட்டுள்ளனர். அவர்களது கண்ணுக்குத் தப்பியவனும் பின்னர் அந்நிய நாட்டு விரிவுரை மண்டபத்தில் தன் புள்ளிக்குத் தானே கடன்காரனாய் அமர்ந்திருக்க நேரும்.

இன்னொரு நிலையும் உண்டு. 2009இல் முடிவுற்ற போரில் வீடிழந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதே அட்டை கிடைக்கின்றது. கூறுதற்கு உண்மையொன்று அவனிடம் உண்டு. கூரையற்ற சுவரும் தூர்ந்துபோன கிணறும் நினைவில் உண்டு. இலக்கணத்துக்கும் உச்சரிப்புக்கும் புள்ளியிடுமாறு அதனை அந்நியரொருவர் முன் வைக்க அவன் கடமைப்பட்டவனா? இல்லையென்றே துணிந்து கூறலாம். மாமரமும் விறாந்தையும் உள்ள வேறொரு வீட்டை அவன் புனைந்து பேசின், அது தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதேயன்றி வேறில்லை. அத்துயரத்தைக் கூறியே தீரவேண்டுமென ஒருவன் விரும்பின் அதுவும் அவனுரிமை.

எனவே, பேச்சுப் பரீட்சை அஞ்சத்தக்கதன்று. அஞ்சத்தக்கது எழுத்துப் பரீட்சைக்கான பயிற்சியே. ஒரு மணி நேரத்தில் இரு பகுதிகள். இரண்டாவது, குறைந்தது 250 சொற்களில் அமையும் கட்டுரை. ஒரு கூற்றைத் தந்து, உடன்படுகின்றீரா எனக் கேட்பது வழக்கம். தான் எதனை நம்புகின்றான் என்று மாணவன் அங்கு ஆராய்வதில்லை. எப்பக்கத்துக்குத் தன்னிடம் ஆங்கிலச் சொற்கள் கூடுதலாக உள்ளனவோ அப்பக்கம் சாய்கின்றான். இன்று மரணதண்டனை வேண்டுமென எழுதுகின்றான். நாளை வேண்டாவென எழுதுகின்றான். விவாத அரங்கிலும் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஆயின் அங்கு எதிரணி ஒன்றிருந்து, சொன்னதற்குக் கணக்குக் கேட்கின்றது. தனியறையில் எழுதிப் பழகுவோனைக் கேட்பார் இல்லை. 'உமது கருத்து யாது?' என்னும் வினா நூறு முறை கேட்கப்பட்டு, நூறு முறையும் கைவசமுள்ள சொற்களே விடை கூறிவிடுகின்றன. இதனால் ஏமாற்றப்படுபவர் பரீட்சகர் அல்லர்.

இப்பழக்கம் பரீட்சையோடு நின்றுவிடுவதுமில்லை. முதற்பந்தியில் ஒரு பக்கம், அடுத்ததில் மறுபக்கம், ஈற்றில் இரண்டுக்கும் இடையே சமநிலை பேணல் வேண்டும் என்னும் அதே அச்சில் வார்த்த கட்டுரைகள் தமிழிலும் எழுதப்படுகின்றன. கலைப்பீடத்தில் அவற்றைத் திருத்துவோர் இதனை நன்கறிவர்.