மண்வெட்டியைக் கீழே வைத்த பின்



கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் ஒரு பழமொழி உண்டு. இரண்டு நாள் வரை விருந்தாளி. மூன்றாம் நாள் அவன் கையில் மண்வெட்டியைக் கொடு என்பது அதன் கருத்து. தங்கனீக்காவின் தலைவர் ஜூலியஸ் நைரேரே 1962-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை எடுத்துக் காட்டினார்.

அமெரிக்காவில் 1961-இல் அமைக்கப்பட்ட அமைதிப் படையின் தொண்டர்கள் அவ்வாண்டே கானாவில் ஆசிரியர்களாக வந்திறங்கினர். அதுமுதல் ஆயிரக்கணக்கான வாலிபர்கள் ஆப்பிரிக்க ஊர்களில் இரண்டாண்டு அந்த மண்வெட்டியைப் பிடித்திருக்கின்றனர். தவணை முடிந்ததும் ஒரு தொகை கைக்கு வரும். பலர் உடனே வீடு திரும்பாமல், அதைக் கொண்டு நாடு நாடாகப் பிரயாணம் செய்வர். நமது கேள்வி இதுதான்: தொண்டு செய்தவனுக்கு, அவன் போகும் ஊர்களின் மீது ஏதேனும் பாத்தியதை உண்டா?

அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுக்காமல் ஊர் சுற்றலாமா என்று சிலர் கேட்பர். அது அவன் உழைத்துப் பெற்றது; அதில் குறை காண நமக்கு நியாயமில்லை. மேலும், ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் உள்ளன. ஒரு கிராமத்தில் இருந்துவிட்டு அக்கண்டத்தையே அறிந்ததாகப் பேசுவதைவிட, நாலு ஊர் பார்ப்பது நல்லதே.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. கென்யாவில் மட்டாட்டு, தான்சானியாவில் டாலாடாலா, கானாவில் ட்ரோட்ரோ என்று சிறு வண்டிகள் ஓடுகின்றன. பெரும்பாலும் ஆள் நிறைந்த பிறகே அவை புறப்படும். அங்கே காத்திருக்கும்போது, “இவர்களுக்காக இரண்டாண்டு கொடுத்தேனே!” என்ற எண்ணம் அவன் நெஞ்சில் எழக்கூடும். சந்தையிலே பழம் விற்கும் பெண்ணிடம், தான் செய்த சேவையையும் விலையில் கழிக்கச் சொல்பவன்போல் கடைசிக் காசு வரை பிடித்திழுப்பான். பேரம் பேசுவது குற்றமன்று. அது நமக்கும் அன்றாட வேலை. ஆனால் ஒரு கடையில் வரவு வைத்த பணத்தை அடுத்த கடையில் பற்றெழுத முடியுமா? அந்தப் பெண் அவனிடம் என்ன வாங்கினாள்?

கல்விமான்களுக்கும் இச்சோதனை உண்டு. இப்னு பதூதா 1352-இல் மாலி நாடு சென்றபோது, மன்னர் மன்ஸா சுலைமான் அனுப்பிய விருந்துப் பொருள் மூன்று ரொட்டியும் இறைச்சித் துண்டும் சுரைக்குடுக்கைத் தயிரும்தான். பெரும் வெகுமதியை எதிர்பார்த்திருந்த அவர் அதைக் கண்டு சிரித்துவிட்டார். அதே மனிதர் 1331-இல் மொகதிஷுவில் கண்டது என்ன? கப்பல் வந்ததும் உள்ளூர் வாலிபர்கள் படகில் உணவுத் தட்டுகளோடு சென்று, ஆளுக்கொரு வியாபாரியைத் தம் விருந்தாளியாக ஏற்றனர். வந்தவன் முன்பு என்ன நன்மை செய்தான் என்று எவரும் விசாரிக்கவில்லை.

தொண்டு செய்த ஊரின் கணக்கையும் பார்ப்போம். அவனுக்கு அவ்வூர் பேச்சைக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவர்கள் யார்? நம் மலேசியாவிலும் 1962 முதல் 1983 வரை இத்தகைய தொண்டர்கள் பணியாற்றினர். அவர்கள் கற்பித்தார்கள், இந்நாட்டு மக்கள் சோறிட்டு அவர்களுக்கும் கற்பித்தார்கள். இரண்டு பக்கமும் எழுதினால்தானே பேரேடு?

சுவாஹிலியில் விருந்தாளிக்கும் அந்நியனுக்கும் ‘ம்கேனி’ என்ற ஒரே சொல்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தவன் மீண்டும் ம்கேனி ஆகிறான். முதல் நாள் வந்தபோது எந்த அடக்கத்தோடு வாசலில் நின்றானோ, அதே அடக்கத்தோடு அடுத்த ஊர் வாசலிலும் அவன் நிற்க வேண்டும். வண்டியில் ஒருவர் ஒதுங்கி இடம் கொடுத்தால், அதைப் பழைய கடனின் வசூலாக எண்ணாமல் புதிய உபகாரமாக ஏற்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் எவரேனும் தூர தேசத்துக்குத் தொண்டு செய்யப் புறப்பட்டால், வழிச்செலவோடு இந்த ஒரு சொல்லையும் கொடுத்தனுப்புவோமாக!