யார் கணக்கில் எழுதுவது?

மனிதன் செய்யும் நல்வினை தீவினை யாவற்றையும் ஏட்டில் குறித்துவைக்க மேலுலகில் சித்திரகுப்தன் என்றொரு கணக்கன் இருக்கிறான் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தனர். அக்கதையைக் கேட்டு நகைக்கும் அளவுக்கு நாம் வளர்ந்துவிட்டோம். ஆயின் அக்கணக்கன் இக்காலத்தில் வேறு வேடம் பூண்டு வந்திருக்கிறான். கரித்தடம் என்பது அவனது புதிய ஏட்டின் பெயர். நாம் ஏறும் வண்டியாலும், எரிக்கும் விளக்காலும், மூட்டும் அடுப்பாலும் எவ்வளவு கரியமிலவாயு வானிற் கலந்து உலகைச் சூடேற்றுகிறது என்று ஆளுக்கு ஆள் எழுதும் பற்றுக் கணக்கே அது.

கணக்கு எழுதுவதுதான் என் பிழைப்பு. ஜொகூர் பாருவுக்கு மேற்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக இருக்கிறேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் கணக்கையே எழுதிப் பார்த்தேன். பெட்ரோல் 1 லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமிலவாயு உண்டாகும். என் மோட்டார் சைக்கிள் நாளுக்கு 1 லிட்டர் குடிக்கும். வேலை நாள் 300. ஆக 690 கிலோ. மின்சாரம் மாதம் 200 யூனிட். நமது மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியாலும் எரிவாயுவாலும் ஆவது; பொந்தியான் பக்கத்துத் தஞ்சோங் பின் புகைபோக்கிகளைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. யூனிட்டுக்கு முக்கால் கிலோ வீதம் ஆண்டுக்கு 1,800 கிலோ. 14 கிலோ கேஸ் சிலிண்டர் எட்டு. அதற்கு 336 கிலோ. கூட்டினால் 2,826 கிலோ. நால்வர் உண்டு உறங்கும் வீட்டில், தலைக்கு 700 கிலோ சொச்சம்.

ஆனால் மலேசியாவில் தலைக்கு ஏறத்தாழ 8 டன் என்கிறார்கள். சோறும் துணியும் என் கணக்கில் இல்லை என்பது மெய். அவற்றைச் சேர்த்தாலும் அத்தனை வராது. மீதி யார் பெயரில்?

இந்தத் தடக் கணக்கை ஊரறியச் செய்தவர் யார் என்பதும் அறியத்தக்கது. 2004-ம் ஆண்டில், தத்தம் கரித்தடத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள மக்களுக்கு ஒரு கருவியை அளித்தது பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பெனி. கள்ளுக்கடைக்காரன் வாசலில் நின்று, "ஐயா, இன்று எத்தனை குவளை குடித்தீர்?" என்று பரிவோடு விசாரிப்பது போன்றது இது. பிறகு பரிகாரமும் வந்தது. விமானத்தில் பறந்துவிட்டு, எங்கோ மரம் நடுவதாகச் சொல்பவரிடம் காசு கட்டினால் பாவம் தீர்ந்ததாம். இத்தகைய வியாபாரத்தை நாம் கோயில் வாசலில் முன்பே பார்த்திருக்கிறோம்.

எனவே, குற்றத்தை எடைபோடக் கிலோ மட்டும் போதாது. வேறு வழி இருந்தும் செய்தானா என்று கேட்கவேண்டும். என் அண்டை வீட்டுத் தம்பி விடியுமுன் எழுந்து, 1924-ல் திறந்த கடற்பாலத்தின்மேல் ஆயிரம் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே புகையை விழுங்கிக்கொண்டு சிங்கப்பூர் செல்கிறான். அந்நேரத்தில் அவனுக்குப் பஸ் இல்லை; இங்கே அச்சம்பளமும் இல்லை. அவன் எரிக்கும் பெட்ரோலில் அவன் பங்கு எவ்வளவு? அதே தம்பியின் கலியாணத்தில் மண்டபம் நடுங்கக் குளிர்சாதனம் ஓடிற்று. பாதிச் சோறு குப்பைக்குப் போயிற்று. அங்கே அவனைக் கட்டாயப்படுத்தியவர் எவருமிலர், ஊரார் வாயைத் தவிர.

ஆகவே தொழிலாளி நிரபராதி, முதலாளியே குற்றவாளி என்று முடித்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும். நானும் அப்படித்தான் முடிக்க எண்ணினேன். என் மேசைமேலிருந்த ஏடு விடவில்லை.

எங்கள் மேற்குக் கரையில் பல இடங்களில் தரை சாதாரண மண் அன்று. மலாய்க்காரர் தானா கம்புட் என்பர். பல்லாயிரம் ஆண்டு இலையும் வேரும் நீரில் ஊறி மட்கிய சதுப்பு அது. நீருள் இருக்கும்வரை கரி உறங்கும். செம்பனைக்காக வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால், காற்றுப்பட்டு மண்ணே தீயின்றிக் கரைந்து வானேறும். ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 40 டன் அளவு. என் வீட்டார் பதினான்கு ஆண்டு எரிப்பதை அந்த நிலம் ஓராண்டில் விடுகிறது. உலர்ந்தபின் தீப்பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு, 2015-ல் சுமத்திராவிலிருந்து வந்து நம் பள்ளிகளை மூடவைத்த புகைமூட்டமே சாட்சி. நீரைத் தரைக்குக் கீழ் 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் இக்கேடு பெரிதும் குறையும், மரமும் காய்க்கும். அதற்காகத்தான் மதகும் அளவுகோலும்.

அந்த அளவை வாரந்தோறும் ஏட்டில் எழுதுவது என் வேலை. பல மாதங்களாக, வெயிலுக்கும் அட்டைக்கும் அஞ்சி, சென்ற வாரத்து எண்ணையே பெயர்த்தெழுதி வந்தேன்: 50, 50, 50. எவரும் கேட்கவில்லை. வீட்டில் காற்றாடியை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டிய அதே கையால் எழுதினேன்.

சென்ற சனிக்கிழமை வாய்க்காலுக்குப் போனேன். மதகுப் பலகை இரண்டு உளுத்து விழுந்திருந்தன. கோலை இறக்கினேன், ஒரு மீட்டருக்கும் கீழே நீர். திங்கட்கிழமை அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி, பழைய பக்கங்கள் பொய் என்றும் ஓரத்தில் குறித்து, மானேஜர் மேசைமேல் வைத்தேன். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.