ஈடு

1988 ஆகஸ்டு 9 அன்று கனடாவின் எட்மன்டன் அணி, ஐஸ் ஹாக்கியின் ஒப்பற்ற வீரரான வேய்ன் கிரெட்ஸ்கியை, வேறு இருவருடன் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்குக் கைமாற்றியது. ஈடாக அது பெற்றவை: ஒன்றரைக் கோடி டாலர், இரண்டு இளம் வீரர்கள், பின்வரும் ஆண்டுகளில் புதிய வீரர்களை முதற்சுற்றில் தேர்ந்துகொள்ளும் மூன்று உரிமைகள். இது நியாயமான ஈடுதானா?

எட்மன்டன் 1990-இல் அவரின்றியே ஸ்டான்லி கோப்பையை வென்றது. அவரோ மீண்டும் அதை வெல்லவே இல்லை. ஆயினும், விளைச்சலைக் கண்டபின் விதையின் விலையைத் தீர்ப்பது முறையன்று. பேரம் பேசிய நாளில் இரு தரப்பாரும் அறிந்திருந்தவற்றைக் கொண்டே அதனை நிறுக்க வேண்டும் என்போம்.

அந்தத் தராசின் மறுதட்டில் ஏற்றப்பட்டவர்களுள் ஒருவர் ஜிம்மி கார்சன். வயது இருபது, முந்தைய பருவத்தில் 55 கோல் அடித்தவர். பொருளுக்குப் பொருள் ஈடாகலாம். ஒரு மனிதரை இன்னொருவருக்கு ஈடாக வைத்தபின், ஒப்பிடாமல் அவரைக் காண எவரால் இயலும்? பணமும் உரிமைகளும் சேர்ந்தே ஈடு நிறைவுற்றது என்பதை ஆட்டம் காண வந்தோர் எண்ணியிருப்பரோ? எட்மன்டனில் முதற்பருவத்திலேயே அவர் 49 கோல் அடித்தார். வேறெந்த இளைஞருக்கும் அது பெரும்புகழ் அன்றோ! அடுத்த பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களுக்குள் அவர் அணியை விட்டு விலகினார். 1989 நவம்பரில் டெட்ராய்ட் அணிக்கு மீண்டும் கைமாற்றப்பட்டார்.