சேஸிஸ் நம்பரும் ஆன்மாவும்

எதையெல்லாம் மாற்றிய பிறகு ஒரு லாரி வேறு லாரி ஆகிறது? திருவேற்காட்டில் பட்டறை வைத்துப் பிழைத்த எனக்கு இந்தக் கேள்வி ஓயாமல் வரும்.

நான் தொழில் பழகியது லேலண்ட் காமெட்டில். இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள லேலண்ட் ஊர்க் கம்பெனி, உலகப் போர் முடிந்த கையோடு, 1947இல் ஏற்றுமதியைக் கணக்கில் வைத்துக் கொண்டுவந்த நடுத்தர லாரி அது. 1948இல் ரகுநந்தன் சரண் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1950இல் லேலண்டோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டே எண்ணூரில் காமெட் பூட்ட ஆரம்பித்தார்கள். 1955இல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

காமெட் 350 என்றால் 350 கன அங்குலம், சுமார் 5.7 லிட்டர், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். மற்றதெல்லாம் அதன்மேல் போல்ட்டில் நிற்கும். கம்பெனி சேஸிஸைத் தரும். கேபினும் பாடியும் உரிமையாளர் கட்டிக்கொள்வார். ஆகவே எதையும் கழற்றலாம், எதையும் மாற்றலாம். என் பட்டறைக்கு வந்த ஒரு காமெட்டில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், பாடி எல்லாமே புதுசு. உரிமையாளரோ, "எங்கப்பா வாங்கின வண்டிண்ணே" என்பார்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் பதில் சுலபம். எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போனால் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுப்பார்கள். நம்பர் ஒத்துப்போனால் அதே வண்டி. இது நாமாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. கிரேக்க அரசன் மிலிந்தனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி சொன்னதும் இதுதான்: அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல; இவை கூடியிருப்பதற்கு வழக்கில் ஒரு பெயர், அவ்வளவே. மனிதனும் அப்படித்தான் என்றார்.

லாரி வரைக்கும் எனக்குச் சம்மதம். மனிதன் விஷயத்தில் நான் சைவ சித்தாந்தி மெய்கண்டார் பக்கம். 13ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம், உடம்புக்கு வேறாக உயிர் உண்டென்று நிறுவுகிறது. ஒவ்வொரு புலனும் தன் விஷயத்தை மட்டுமே அறியும்; ஐந்தையும் சேர்த்து அறிகிறவன் வேறு என்பது அதிலொரு காரணம். காமெட்டின் டாஷ்போர்டைப் பாருங்கள். ஆயில் மீட்டருக்குச் சூடு தெரியாது, டெம்பரேச்சர் மீட்டருக்கு ஆயில் தெரியாது. இரண்டையும் பார்த்து வண்டியை ஓரங்கட்டுகிறவன் டிரைவர்.

"அந்த டிரைவரும் மாறிக்கொண்டேதானே இருக்கிறான்?" என்று பௌத்தர் விடாமல் கேட்கலாம். உடம்பு மாறுகிறது, புத்தியும் மாறுகிறது, உண்மை. ஆனால் இருபது வயதில் பட்ட கடனை அறுபது வயதில் அவனேதான் அடைக்கிறான். அடித்துவிட்டு ஓடினால், எத்தனை வருஷம் கழித்துப் பிடித்தாலும் வழக்கு ஓட்டியவன்மேல்தான். லாரியை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவனாக இல்லாவிட்டால் வினை என்ற பேச்சுக்கே இடமில்லை.

வண்டிக்கு வினை கிடையாது, எனவே அதற்கு ஆன்மாவும் தேவையில்லை. எங்கள் ஊர்க் கருமாரியம்மன் கோயில் வாசலில், வண்டிப் பூஜையில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் நம் பொறுப்பு வண்டிக்குக் கைமாறிவிடாது. பூஜை போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. பிரேக்கைச் சரிபார்த்துவிட்டுப் பொட்டு வையுங்கள்.